செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் பார்ட்ஸ் வாங்கும்போது போலியைக் கண்டுபிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்.பி. ரோடு, கொழும்பு யூனிட்டி பிளாசா, இல்லாவிட்டால் ஓஎல்எக்ஸ். எங்கே வாங்கினாலும் சரி, பழைய பார்ட்ஸைச் சேர்த்து ஒரு நல்ல கம்ப்யூட்டர் கட்டுவது முடியாத காரியம் அல்ல. பழையது என்பதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஐந்து வருஷம் ஓடிய பிராசஸர் இன்னும் ஐந்து வருஷம் ஓடும். பயப்பட வேண்டியது போலிக்கு.

போலியில் மூன்று ரகம் உண்டு. முதல் ரகம், பெயர் மாற்றிய சரக்கு: பத்துப் பதினைந்து வருஷப் பழைய சிப்புக்குப் புது மாடலின் பெயரைச் சூட்டி விற்பது. இரண்டாவது, கணக்கு அழித்த சரக்கு: பொருள் அசல்தான், ஆனால் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற பதிவை அழித்துவிட்டுப் புதிது போல விற்பது. மூன்றாவது, நம்ம ஊரில் ‘டூப்ளிகேட்’ என்று சொல்வது: எவனோ செய்த பொருளில் பிரபல கம்பெனி ஸ்டிக்கர்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் அச்சடிக்கத் தெரிந்தவனுக்கு, விண்டோஸில் தெரியும் பெயரை மாற்றவும் தெரியும். கிராபிக்ஸ் கார்டின் பெயர் அதன் பயாஸ் சிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. பென்டிரைவின் கொள்ளளவை அதன் கன்ட்ரோலர் சொல்கிறது. ரேமின் விவரம் அதிலேயே உள்ள எஸ்பிடி என்ற சின்னச் சிப்பில் இருக்கிறது. எல்லாவற்றையும் மாற்றி எழுதலாம். ஆகவே டிவைஸ் மேனேஜரைத் திறந்து, “பாருங்க, பேர் வருதுல்ல” என்று கடைக்காரர் காட்டுவதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பார்ட்ஸை வேலை வாங்கிப் பார்த்தால்தான் உண்மை வெளியே வரும்.

படி 1: கிளம்பும் முன் வீட்டில் செய்ய வேண்டியது

என்ன மாடல் வேண்டும் என்பதை முழுப் பெயரோடு முடிவு செய்யுங்கள். “ஒரு 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு” என்று கேட்டுக்கொண்டு கடைக்குள் போனால், அவர் விற்க நினைத்ததைத்தான் நீங்கள் வாங்கி வருவீர்கள். மாடல் முடிவானதும், தயாரித்த கம்பெனியின் தளத்தில் அதன் எண்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை கோர், மெமரி எந்த வகை, எத்தனை பிட், பின்பக்கம் என்னென்ன போர்ட், தனி பவர் கனெக்டர் உண்டா இல்லையா. இந்தத் துண்டுச்சீட்டு பின்னால் பல இடங்களில் உதவும்.

சந்தை விலையையும் நாலு இடத்தில் பார்த்து வையுங்கள். எல்லோரும் எட்டாயிரம் சொல்லும் பொருளை ஒருவர் நாலாயிரத்துக்குத் தருகிறார் என்றால், அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியவில்லை.

அப்புறம், ஒரு பென்டிரைவில் சோதனை மென்பொருள்களை ஏற்றிக்கொள்ளுங்கள். ஜிபியு-இசட், சிபியு-இசட், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, எச்2டெஸ்ட்டபிள்யூ, வாலிடிரைவ், ஓசிசிடி. எது எதற்கு என்பது பின்னால் அந்தந்த இடத்தில் வரும். பெரும்பாலும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும். எல்லாமே தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து புதிய பதிப்பையே இறக்குங்கள். கடைக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே கிடக்கும் பழைய பதிப்பை நம்ப வேண்டாம். ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும். இன்னொரு பென்டிரைவில் மெம்டெஸ்ட்86-ஐ பூட் ஆகும்படி போட்டுக்கொண்டால் ரேமுக்கு உதவும்.

படி 2: விற்பவரோடு பேசும்போது

ஆன்லைனில் பார்த்த பொருள் என்றால், இன்றைய தேதியை ஒரு தாளில் எழுதிப் பொருளின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சீரியல் நம்பர் தெரிய வேண்டும், போர்ட் பக்கமும் தெரிய வேண்டும். கூகுளில் எடுத்த படத்தைப் போட்டவர் இந்த இடத்திலேயே கழன்றுகொள்வார். சீரியல் நம்பர் கிடைத்தால் கம்பெனி தளத்தில் வாரண்டி பாருங்கள். மாடல் பெயரே வேறாக வந்தால் பேச்சு முடிந்தது.

இப்படிக் கேளுங்கள்: “அண்ணே, சிஸ்டத்துல போட்டு ஓட்டிக் காட்டுவீங்களா? பதினைஞ்சு நிமிஷம் நான் டெஸ்ட் பண்ணிக்கிறேன்.” நல்ல சரக்கு வைத்திருப்பவர் தாராளமாகச் சம்மதிப்பார். “டெஸ்டிங்லாம் பண்ணித்தான் வச்சிருக்கோம் தம்பி” என்று இழுத்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வெளியே வந்துவிடலாம். பக்கத்துக் கடையிலும் அதே பொருள் இருக்கும்.

படி 3: கிராபிக்ஸ் கார்டு

போலி அதிகம் நடமாடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். உதாரணத்துக்கு என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. 2016-ல் வந்த கார்டு, இன்றும் பழைய சந்தையில் தேடுகிறார்கள், அதனாலேயே போலியும் ஏராளம். அசலில் 768 கோர், 4 ஜிபி ஜிடிடிஆர்5 மெமரி, 128 பிட். போலியின் உள்ளே பெரும்பாலும் இருப்பது 2010-11 காலத்து ஜிடிஎஸ் 450 அல்லது ஜிடிஎக்ஸ் 550 டிஐ சிப். அவற்றில் இருப்பது 192 கோர்தான். பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று பெயர் சொல்ல வைத்திருப்பார்கள். 4 ஜிபி என்றும் காட்டும். ஆனால் உள்ளே மெமரி 1 ஜிபியாக இருக்கலாம். கேம் அதைத் தாண்டிக் கேட்ட உடனே திரை கருத்துவிடும் அல்லது கோடு கோடாக வரும்.

கையில் எடுத்ததும் முதலில் பின்பக்க போர்ட்டைப் பாருங்கள். நீல நிற விஜிஏ போர்ட் இருக்கிறதா? 1050 டிஐ சேர்ந்த 10 வரிசையோடு, விஜிஏவுக்குத் தேவையான அனலாக் வெளியீட்டை என்விடியா நிறுத்திவிட்டது. அந்த வரிசை என்று சொல்லப்படும் கார்டில் விஜிஏ போர்ட் இருந்தால் சோதனைக்கே வேலையில்லை, கீழே வைத்துவிடலாம். போலிக் கார்டுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம், ஏனென்றால் பழைய போர்டை அப்படியே எடுத்துக் கூலரை மட்டும் மாற்றியிருப்பார்கள். அட்டைப் பெட்டியில் எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லாமல் பச்சைக் கறுப்பு டிசைன் மட்டும் இருப்பதும் நல்ல அறிகுறி இல்லை.

அடுத்து ஜிபியு-இசட்டை ஓடவிடுங்கள். 2018-ல் வந்த 2.12.0 பதிப்பிலிருந்து, பெயர் மாற்றிய பழைய என்விடியா சிப்புகளை அதுவே கண்டுபிடித்து, கார்டு பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிடும். அதற்கு முந்தைய பதிப்பு போலியின் பேச்சை நம்பி 1050 டிஐ என்றே காட்டும். சொந்தப் பென்டிரைவ் எடுத்துப் போகச் சொன்னது இதற்காகத்தான். அந்த எச்சரிக்கை வராவிட்டாலும், ஷேடர் எண்ணிக்கை (கோர்), பஸ் அகலம் (எத்தனை பிட்), பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டு சொருகும் ஸ்லாட்) பதிப்பு ஆகியவற்றை உங்கள் துண்டுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். அந்தப் பழைய சிப்புகளுக்கு 2.0-தான் தெரியும், அசல் 1050 டிஐ 3.0. ஒரு எச்சரிக்கை: பழைய மதர்போர்டில் சொருகியிருந்தால் அசல் கார்டும் 2.0 வேகத்தில் ஓடும். அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

மூன்றாவது, டிரைவர். “டிரைவர் எல்லாம் உள்ளே போட்டாச்சு, அப்டேட் மட்டும் குடுத்துடாதீங்க” என்று யாராவது அக்கறையாகச் சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பழைய சிப்புகளுக்கு என்விடியா புது டிரைவர் கொடுப்பதை 2018-லேயே நிறுத்திவிட்டது. போலிக் கார்டோடு வரும் டிரைவர் கைவைத்த பழைய டிரைவர். என்விடியா தளத்திலிருந்து 1050 டிஐக்கான கடைசி டிரைவரை இறக்கிப் போட்டால் போலியில் அது வேலை செய்யாது. இதைக் கடையிலேயே செய்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது.

கடைசியாக ஓசிசிடியில் விஆர்ஏஎம் (கார்டின் சொந்த மெமரி) சோதனையை ஓட்டுங்கள். சொல்லப்பட்ட மெமரி முழுவதையும் எழுதிப் படித்துப் பார்க்கும். இல்லாத மெமரி இங்கே தப்பவே முடியாது.

ஏஎம்டி பக்கம் வேறொரு கூத்து. ஆர்எக்ஸ் 580 என்று வாங்கப் போனால் ‘ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி’ என்ற கார்டு கையில் வரும். அசல் 580-ல் 2304 ஸ்ட்ரீம் பிராசஸர். 2048 உள்ளது ஆர்எக்ஸ் 570-ன் இன்னொரு பெயர். 2018-ல் சீனச் சந்தைக்காக ஏஎம்டியே விட்டது. ஆகவே இதைப் போலி என்று சொல்ல முடியாது. ஆனால் 580 விலைக்கு வாங்கினால் ஏமாந்ததுதான். ஜிபியு-இசட்டில் அந்த ஒரு எண்ணைப் பார்த்தால் போதும்.

விலை உயர்ந்த கார்டுகளில் கதை இன்னும் மோசம். ஆர்டிஎக்ஸ் 4090-ல் நடுவில் உள்ள சிப்பையும் மெமரியையும் கழற்றி எடுத்துவிட்டு, வெறும் போர்டுக்குக் கூலரை மாட்டி “ஓடுது, ரிட்டர்ன் கிடையாது” என்று விற்றவர்கள் உண்டு. பார்வைக்கும் எடைக்கும் அசலேதான். ஓட்டிக் காட்டாத கார்டுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

மைனிங்கில், அதாவது கிரிப்டோ நாணயம் எடுப்பதற்காக இரவு பகலாக, ஓடிய கார்டு போலி ஆகாது. ஃபேன் சத்தம், வெப்பம், விஆர்ஏஎம் சோதனை மூன்றும் சரியாக இருந்து, விலையும் அதற்கேற்பக் குறைந்தால் நான் வாங்கச் சொல்வேன்.

படி 4: எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க், பென்டிரைவ்

இங்கே மோசடி இரண்டு விதம். ஒன்று கொள்ளளவு, இன்னொன்று வயது.

கொள்ளளவு மோசடி நடக்கும் விதம் சுவாரசியமானது. உள்ளே இருப்பது 8 ஜிபி. கன்ட்ரோலர் 64 ஜிபி என்று சொல்கிறது. முதல் 8 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்கு மேல் எழுதினால், காப்பி ஆகிவிட்டது என்றே காட்டும், ஃபைல் பெயரும் தெரியும், ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது, அல்லது பழைய ஃபைலின் மேலேயே எழுதியிருக்கும். ஆறு மாதம் கழித்துக் கல்யாண வீடியோவைத் திறக்கும்போதுதான் தெரியவரும். 16 டிபி, 30 டிபி எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி என்று சில ஆயிரம் ரூபாய்க்கு வருவதும் இதே ரகம். 2022-ல் வெளிநாட்டில் அப்படி ஒன்றைப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே பசை போட்டு ஒட்டிய இரண்டு மெமரி கார்டுகள் இருந்தன.

இதைப் பிடிக்க எச்2டெஸ்ட்டபிள்யூ. காலியிடம் முழுவதும் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். லினக்ஸ்காரர்களுக்கு எஃப்3 என்ற மென்பொருள் உண்டு. ஒரே குறை நேரம்: விநாடிக்கு 20 எம்பி எழுதும் 64 ஜிபி பென்டிரைவில் எழுதி முடிக்கவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். கடையில் அவ்வளவு நேரம் நிற்கவிட மாட்டார்கள். யுஎஸ்பியில் மாட்டும் டிரைவ் என்றால் வாலிடிரைவ் போதும். டிரைவ் முழுவதும் பரவலாக 576 இடங்களில் மட்டும் எழுதிப் பார்த்துச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். உள்ளே மாட்டும் எஸ்எஸ்டிக்கு, வாங்கிய அன்றே வீட்டில் முழுச் சோதனை ஓட்டுவதற்கு அவகாசம் கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

சாம்சங் எஸ்எஸ்டி என்றால் அந்தக் கம்பெனியின் மெஜிஷியன் மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். தன் தயாரிப்பை அது அடையாளம் காணும். ‘சாம்சங் 1080 புரோ’ என்று ஒன்று விற்கிறார்கள். அப்படி ஒரு மாடலே கிடையாது. 980 புரோவைப் பார்த்துப் போட்ட பெயர். வேகத்தையும் அளந்து பாருங்கள்: 980 புரோ விநாடிக்கு 7000 எம்பி வரை படிக்கும் (பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 ஸ்லாட் உள்ள போர்டில்).

வயது மோசடிக்கு வருவோம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்தால் ‘பவர் ஆன் அவர்ஸ்’ தெரியும். ஒரு வருஷம் நிற்காமல் ஓடினால் 8,760 மணி நேரம். “ஒரு வருஷம்தான் சார் யூஸ்” என்று சொன்ன டிஸ்க்கில் 31,000 இருந்தால், மூன்றரை வருஷம் இரவு பகல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் சிசிடிவி டிவிஆரிலிருந்து கழற்றியதாக இருக்கும். அதே திரையில் ரீஅலொகேட்டட், பென்டிங் என்று வரும் செக்டர் எண்ணிக்கைகள் (டிஸ்க்கில் கெட்டுப்போன, கெட்டுப்போகும் இடங்கள்) பூஜ்யமாக இருக்க வேண்டும்.

சந்தேகத்துக்கு உரியது மிகக் குறைந்த எண்ணும்தான். லேபிளில் 2018 என்று தேதி, ஓடிய நேரம் 12 மணி, ஆனால் ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றிக் கீறல்: கணக்கை அழித்திருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் இது பெரிய செய்தியானது. புதிது என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்க்குகள் பல ஆயிரம் மணி நேரம் ஓடியவை என்று தெரிந்தது. வழக்கமான ஸ்மார்ட் பதிவை (டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணக்கு, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டுவது) அழித்தவர்கள், சீகேட் தனியாக வைத்திருக்கும் ‘ஃபார்ம்’ என்ற பதிவை விட்டுவிட்டார்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளில் 7.4 பதிப்பு முதல் அந்தப் பதிவையும் படிக்கலாம். சீகேட் டிஸ்க் வாங்குகிறீர்கள் என்றால் இரண்டு எண்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

படி 5: ரேம்

ரேமில் முழுப் போலி குறைவு, ஸ்டிக்கர் மாற்றியது அதிகம். சிபியு-இசட்டில் எஸ்பிடி பகுதியைத் திறந்து, தயாரித்த கம்பெனி, பார்ட் நம்பர், தயாரித்த வாரம் ஆகியவை ஸ்டிக்கரோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஹீட் சிங்க் (மேலே மூடும் உலோகத் தகடு) இல்லாத ரேம் என்றால் இன்னும் எளிது. சிப்பின் மேல் உள்ள எழுத்தை மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் படியுங்கள். சாம்சங் டிடிஆர்4 சிப்பில் ‘கே4ஏ8ஜி’ என்று தொடங்கினால், அந்த ஒரு சிப் 8 ஜிகாபிட், அதாவது 1 ஜிபி. எட்டு சிப் இருந்தால் 8 ஜிபி. ஸ்டிக்கர் 16 என்று சொல்லி, இரண்டு பக்கமும் சேர்த்து எட்டே சிப் இருந்தால் கணக்கு உதைக்கிறது.

டிடிஆர்3 வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு: ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று மலிவாக வரும் ரேம் இன்டெல் போர்டில் ஓடாது. விற்பவர் அதைச் சொல்லாமலும் விடுவார். வாங்கிய இரவே மெம்டெஸ்ட்86-ஐ ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

படி 6: பிராசஸர், மதர்போர்டு

பிராசஸர் நான் தைரியமாகப் பழையது வாங்கச் சொல்லும் பொருள். இரண்டே எச்சரிக்கை. மேலே ‘இன்டெல் கான்ஃபிடென்ஷியல்’ என்று பொறித்திருந்தால் அது சோதனைக்காகக் கொடுத்த சாம்பிள். விற்கவே கூடாத பொருள், பயாஸ் அப்டேட்டில் மக்கர் செய்யும். இன்னொன்று, மேல்மூடி மட்டும் மாற்றியது. மூடியில் ஒரு மாடல், உள்ளே வேறு. 2024-ல் ஜெர்மனியில் ஒருவர் பிரித்துப் பார்த்த ரைசன் 7 7800எக்ஸ்3டி-யின் மூடிக்குக் கீழே சிப்பே இல்லை. போர்டில் மாட்டி, சிபியு-இசட்டில் கோர் எண்ணிக்கை, கேஷ் மெமரி இரண்டையும் பார்த்து, பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டினால் போதும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் பிராசஸர் என்றால் அடியில் உள்ள பின்களையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

மதர்போர்டில் ‘புது எச்61’, ‘புது எக்ஸ்99’ என்று வருபவை பழைய சிப்செட்டை (போர்டின் முக்கியச் சிப், எச்61, எக்ஸ்99 என்பவை அதன் பெயர்கள்) எடுத்துப் புதுப் போர்டில் ஒட்டியவை. எக்ஸ்99 என்ற பெயரில் விற்கும் சீன போர்டுகள் பலவற்றில் உள்ளே இருப்பது வேறு சிப்செட். சிபியு-இசட்டில் ‘சவுத்பிரிட்ஜ்’ வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். வீட்டு உபயோகத்துக்குத் தெரிந்தே வாங்கினால் தப்பில்லை. கடைக்குப் போட, பில்லிங்குக்கு என்றால் வேண்டாம்.

படி 7: எஸ்எம்பிஎஸ், லேப்டாப் அடாப்டர்

எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை, பழையது வாங்காதீர்கள். அது போனால் தான் மட்டும் போகாது, மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும். புதிதிலும் லேபிளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘450 வாட்’ என்று பெரிய எழுத்து. கீழே 12 வோல்ட் வரியில் 14 ஆம்பியர். 12-ஐ 14-ஆல் பெருக்கினால் 168 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் உறிஞ்சுவது இந்த வரியிலிருந்துதான். 80 பிளஸ் என்ற மின்சிக்கன முத்திரை இருந்தால், அந்த மாடல் 80 பிளஸ் தளத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிவிடுங்கள்.

டெல் லேப்டாப் அடாப்டரின் உருண்டை முனையில் நடுவில் ஒரு மெல்லிய பின் இருக்கும். அதன் வழியாகத்தான் லேப்டாப் அடாப்டரை அடையாளம் காண்கிறது. பயாஸில் அடாப்டர் வாட் எண்ணிக்கை சரியாக வந்தால் நல்லது. ‘தெரியவில்லை’ என்று வந்தால் பேட்டரி சார்ஜ் ஏறாது, வேகமும் படுத்துவிடும்.

படி 8: பணம் கொடுக்கும் நேரம்

‘டெஸ்டிங் வாரண்டி’ எத்தனை நாள் என்று கேட்டு, அதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பில் இல்லாத கடை என்றால் ஒரு துண்டுச்சீட்டிலாவது மாடல், சீரியல் நம்பர், தேதி, கடை சீல் வேண்டும். பணத்தை யுபிஐயில் கொடுத்தால் யாருக்குப் போனது என்ற பதிவு இருக்கும். முன்பணம் கேட்கும் முகம் தெரியாத ஆளுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். பார்சலில் வந்தால், லேபிளிலிருந்து தொடங்கி வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்தபடி பிரியுங்கள்.

ஏமாந்துவிட்டால் முதலில் அதே நாளில் கடைக்குப் போய் அமைதியாகப் பேசுங்கள். ஜிபியு-இசட், எச்2டெஸ்ட்டபிள்யூ ஸ்கிரீன்ஷாட்கள் கையில் இருந்தால் பல கடைக்காரர்கள் சத்தமில்லாமல் மாற்றிக் கொடுப்பார்கள். மற்ற வாடிக்கையாளர்கள் காதில் விழுவதை அவர்கள் விரும்புவதில்லை. மசியவில்லை என்றால் இந்தியாவில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைனில் பணம் அனுப்பிப் பொருளே வராவிட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். தனி நபர் தன் பழைய பொருளை விற்றது என்றால் நுகர்வோர் வழக்குக்குள் வருவது கடினம். ஓஎல்எக்ஸில் வாங்கும்போது இதையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

போலி பென்டிரைவ் கையில் தங்கிவிட்டால், எஃப்3-ல் உள்ள எஃப்3பிக்ஸ் என்ற துணைக் கருவி அதன் உண்மையான கொள்ளளவுக்கு மட்டும் பார்ட்டிஷன் போட்டுக் கொடுக்கும். 64 என்று வாங்கியது 8 ஆகிவிடும். காரில் பாட்டுக் கேட்க அது போதும். ஃபோட்டோ, கணக்கு எதையும் அதில் வைக்க வேண்டாம்.